படுக்க வைக்கக் கூடாத மனிதர்

முதலில் சத்தம்தான் வந்தது. தொம் என்று ஒன்று, ஒரு மூச்சு விட்டு எடுக்கிற நேரம் கழித்துத் தொம் என்று இன்னொன்று, பிறகு கொஞ்சம் மேலே ஏறி டொக். கரும்பேரி சாராய ஆலையில் சுவருக்கு அந்தப் பக்கம் பீப்பாய்க் கிடங்கு, இந்தப் பக்கம் பாட்டில் கொட்டகை. கொட்டகையில் டியூப் லைட்டுக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து, நிரப்பி மூடி வருகிற பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, மூடி ஒழுகுகிறதா, உள்ளே தூசி மிதக்கிறதா என்று பார்க்கிற பெண்களுக்கு, அந்தச் சத்தம் காலை எட்டரைக்குத் தொடங்கிப் பதினோரு மணிக்கு முடியும் என்பதும், தொம் என்றால் அந்த உயரம் வரைக்கும் சரக்கு நிற்கிறது, டொக் என்றால் அதற்கு மேலே வெறும் காற்று என்பதும், பீப்பாய்களை ஒருநாளும் கண்ணால் பார்க்காமலே தெரியும். தட்டுகிறவர் ருக்மாங்கதன். கையில் கொட்டாப்புளி, வேலமரத்தில் கடைந்த சின்ன மரச்சுத்தி. மரத்தில் அடைத்த சரக்கு மரத்தின் வழியாகவே கொஞ்சங் கொஞ்சமாக ஆவியாகிப் போகும் என்பதால், எந்தப் பீப்பாயில் மட்டம் எதுவரைக்கும் இறங்கியிருக்கிறது என்று தட்டிப் பார்த்துச் சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டு வருவது முப்பத்திரண்டு வருசமாக அவர் வேலை. அன்றைக்கு நாலாவது வரிசைக்கும் ஐந்தாவது வரிசைக்கும் நடுவிலிருந்து வந்த சத்தம் இது எதிலும் சேரவில்லை. டொக்தான், ஆனால் மரத்தின் டொக் இல்லை.

நாற்பத்தோராம் பீப்பாய் போய்விட்டது, பலகை இற்றுப்போயிருக்கும் என்று ராஜகாந்தம் சொன்னாள். கொட்டகையில் எல்லாவற்றுக்கும் முதலில் கருத்துச் சொல்கிறவள் அவள். கடைசி மணையில் உட்கார்ந்திருந்த ருக்மாங்கதன் மனைவி பாஞ்சாலை, கவிழ்த்த பாட்டிலைக் கவிழ்த்தபடியே பிடித்துக்கொண்டு, அது பீப்பாய் இல்லை என்றாள். அந்தச் சத்தம் வருகிற இடத்தில் இருபத்தெட்டு வருசமாகக் காது வைத்துப் படுக்கிறவள் அவள்தான் என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

அவள் போய்ப் பார்த்தபோது ருக்மாங்கதன் சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு, கொட்டாப்புளியை இடுப்பில் செருகிக்கொண்டு, விரல் முட்டியால் தன் நெஞ்சைத் தானே தட்டிக்கொண்டிருந்தார். வயிற்றில் தொம், விலாவில் தொம், மார்பில் தொம், கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் வந்ததும் டொக். திரும்பக் கீழே இறங்கி இடத்தைச் சரிபார்த்துக்கொண்டு, பாக்கெட்டிலிருந்து சாக்கட்டியை எடுத்து, தோலின் மேல் படுக்கைக் கோடாக ஒரு இழுப்பு இழுத்தார்.

“ரெண்டு வெரல் எறங்கியிருக்குது” என்றார்.

சொல்லோடு வாசனையும் வந்தது. வாய் வாசனை இல்லை. ஈரமான மரம், கருகின வெல்லம், டப்பாவில் மறந்துபோன உலர்ந்த திராட்சை, எல்லாம் சேர்ந்த, முதல் வரிசையின் மிகப் பழைய பீப்பாயைத் திறந்தால் மட்டும் வருகிற வாசனை. பாஞ்சாலைக்குப் பின்னால் வந்து நின்ற ராஜகாந்தம் அதை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, காரணமில்லாமல் சிரிக்கத் தொடங்கி, மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கிறவரைக்கும் நிறுத்தவில்லை.

ருக்மாங்கதன் பிறந்ததிலிருந்து ஒரு சொட்டுக் குடித்தவர் இல்லை. முப்பத்திரண்டு வருசம் பீப்பாய்களிலிருந்து காற்றுக்குப் போனதில் பாதி, நடுவில் நின்ற அவருக்குப் போயிருக்கும் என்று ஊர் முடிவு செய்தது. அதற்கு மேல் காரணத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, ஏனென்றால் யோசிக்க வேறு விஷயங்கள் இருந்தன.

கிடங்கு சூப்பர்வைசர் பரஞ்சோதி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: கசிவா, ஆவியா? கசிவு என்றால் யாராவது பதில் சொல்ல வேண்டும், ஆவி என்றால் கடவுள் பொறுப்பு. ருக்மாங்கதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குதிகாலைத் தொட்டு, ஈரம் எங்கும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஆவிதான், வருசத்துக்கு நூற்றில் இரண்டு பங்கு போவது எல்லாக் கிடங்கிலும் உள்ளதுதான், கவலைப்பட ஒன்றுமில்லை என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். ஆலை டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார், பிறகு வாயைத் திறந்து ஆ சொல்லச் சொன்னார். ஆ நீளமாக இருந்தது. அதற்குப் பிறகு வரிசையில் இருந்த பதினாலு பேரையும் நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, நோயாளிகள் படுக்கிற மேசையில் தானே ஏறிப் படுத்து, காலை ஆட்டிக்கொண்டு ஏதோ பழைய மெட்டை முனகினார். கலால் அதிகாரி ஒருவர் வந்து, இவர் சட்டப்படி மதுவா, மதுவானால் அனுமதிச்சீட்டு இல்லாமல் தினமும் சாயங்காலம் கேட்டைத் தாண்டி வீட்டுக்குப் போவது எப்படி என்று கேட்டு, ஒன்றரை மணி நேரம் ருக்மாங்கதனை விசாரித்து, கடைசியில் கண்கள் கலங்க, வேலையாள் பட்டியலில் பெயர் உள்ளவர் சரக்குப் பட்டியலிலும் இருக்க முடியாது என்று தீர்த்துச் சொன்னார். சொன்னாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு அனுமதிச்சீட்டும் எழுதிக்கொடுத்தார். அதை மடித்து ருக்மாங்கதன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் விஷயம் தெரிந்தது. காலையில் போட்ட கோட்டுக்கு அரை விரல் கீழே சாயங்காலம் டொக் கேட்டது. பேசாமல் இருந்த ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. மூக்கால் ஒன்றும் போவதில்லை, வேர்வையில் ஒன்றும் போவதில்லை. போவதெல்லாம் சொல்லோடு போகிறது.

ஊர் இதை வெயில் மாதிரி, மழை மாதிரி எடுத்துக்கொண்டது. கிணற்றுத் தெருவில் அவர் வருகிறபோது பீடியை அணைத்துவிட்டு வணக்கம் சொல்வது மரியாதை ஆயிற்று. அவர் வாசல் பக்கம் கற்பூரம் கொளுத்துவதில்லை என்று கோயிலில் பேசி வைத்தார்கள். திரௌபதி அம்மன் தீமிதிக்குத் தெருக்கோடியில் வெட்டுகிற குழியை அந்த வருசம் ஏரிக்கரைக்கு மாற்றினார்கள், பூசாரி ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. தீபாவளிக்குப் பிள்ளைகள் பட்டாசை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போனார்கள். கர்ப்பிணிப் பெண்களிடம் அவர் நலம் விசாரிக்க மாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார்.

ஆண்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் வீடு திரும்புகிற வழியில், சைக்கிள் கடைத் திருப்பத்தில், காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நீளமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளை வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு வருவார்கள். மாமா, நீங்க வேலைக்குச் சேந்தப்ப இருந்த சூப்பர்வைசர்ல தொடங்கி வரிசையா பேரு சொல்லுங்க. மாமா, கருங்காலிக்கும் தேக்குக்கும் சத்தத்துல என்னா வித்தியாசம், எங்களுக்கு வெளங்கற மாதிரி சொல்லுங்க. மாமா, அந்தப் பெரு வெள்ளம் வந்தப்ப கிடங்குல எத்தினி பீப்பா மெதந்திச்சி, ஒண்ணொண்ணா சொல்லுங்க. வாழ்நாள் முழுக்கப் பீப்பாய்களோடு இருந்தவர் ருக்மாங்கதன். யாரும் அவரை உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர் சொல்லுக்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நம்பி, ஒன்றையும் விடாமல், ஆண்டு தேதியோடு, பொறுமையாகச் சொன்னார். கேட்டவர்கள் கண்ணை மூடி மூக்கால் கேட்டார்கள். எட்டு மணிக்கு அவர் வீட்டுக்கு வருகிறபோது சொல் எல்லாம் தெருவில் தீர்ந்துபோயிருக்கும். தட்டில் சோறு விழுகிற சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தம் இருக்காது.

பொங்கலுக்குள் கோடு மார்பின் நடுவுக்கு வந்துவிட்டது. எழுபத்தொரு கிலோ இருந்தவர் ஐம்பத்தெட்டுக்கு வந்தார். ஆள் பார்க்க அதே ஆள்தான், இளைக்கவில்லை, கன்னம் ஒட்டவில்லை. ஆனால் காற்று அடித்தால் மேல்பாதி கொஞ்சம் ஆடியது. ஒருநாள் சாயங்காலம் பாஞ்சாலை, விதைக்காக உரித்துக் கொடுக்கிற மல்லாட்டைக் கடலையை முறத்தில் போட்டு உரித்துக்கொண்டிருந்தவள், அவர் வாசற்படி ஏறும்போது ஒரு கையால் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு ஏறுவதைப் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

கிடங்குச் சுவரில் பரஞ்சோதி சிவப்பு பெயிண்டில் எழுதி வைத்திருக்கிற நாலு வரி அவளுக்கு மனப்பாடம். வெயில் படக் கூடாது. சூடு ஏறக் கூடாது. படுக்க வைக்கக் கூடாது, படுத்தால் சரக்கு மூடியை அரித்துவிடும். திறந்த சரக்கைப் பெரிய பாட்டிலில் வைக்கக் கூடாது, உள்ளே காற்று எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் சாரம் போகும், சின்னதற்கு மாற்று. வேறு யாருக்காவது இந்த வரிகள் பாட்டிலுக்கு எழுதியவையாகத் தெரியலாம். இருபது வருசம் மூடி இறுக்கம் பார்த்தே கை தழும்பேறினவளுக்கு அப்படித் தெரியவில்லை.

வீட்டில் மல்லாட்டை மூட்டை போடுகிற அறை நாலடிக்கு ஐந்தடி, ஜன்னல் கிடையாது. மூட்டைகளை வெளியே எடுத்தாள். சுவரைச் சுற்றி ஈரச் சாக்குத் தொங்கவிட்டாள், காலையும் மாலையும் நனைத்தாள். மூங்கில் நட்டு, ஒரு முக்காலி போட்டு, பழைய புடவையை அக்குளுக்கு அடியில் கொடுத்து, தூக்கத்திலும் சாயாமல் நிமிர்ந்து இருக்கிற மாதிரிக் கட்டினாள். ருக்மாங்கதன் எல்லாவற்றையும் ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார், மூங்கில் முடிச்சை மட்டும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார். அவள் மடித்த வெள்ளைத் துணியைத் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலைக்கு மேலே கொண்டுபோகும்போது, அவர் ஒரு விரலைத் தூக்கினார்.

“ஒண்ணே ஒண்ணு” என்றார். “ஒன்ன ஒண்ணு கேக்கணும்.”

“எல்லாம் அப்பறம்” என்று பாஞ்சாலை முடிச்சை இறுக்கினாள். கவிழ்த்துப் பார்க்க முடியவில்லை என்பது ஒன்றுதான் அவளுக்குக் குறை.

அவள் சேமிப்பு நன்றாக இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள், வெள்ளிக்கிழமை, கொட்டாப்புளியால் தட்டினாள், கோடு இருந்த இடத்தில் இருந்தது. முதல் மாசம் வரைக்கும் கஞ்சிக்கு வாயைத் திறந்து மூடினார், அப்புறம் பசி நின்றுவிட்டது. கண் திறந்திருக்கும், அவள் வந்தால் அவள் பக்கம் திரும்பும், போனால் சாக்குப் பக்கம் திரும்பும். பெஞ்சுக்காரர்கள் இரண்டு வாரம் முனகிவிட்டுக் கடைச் சரக்குக்குத் திரும்பினார்கள். ஆனால் ஊருக்குப் பெருமை குறையவில்லை. ஒரு சொட்டு இறங்காமல் ஒரு மனிதனை வைத்திருக்கிற ஊர் இந்தப் பக்கம் வேறு எது? பரஞ்சோதி மற்றக் கிடங்குகளிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தி, இப்படித்தான் வைக்க வேண்டும், வெளிச்சம் இல்லை, சூடு இல்லை, நிமிர்ந்து நிற்கிறது, பாருங்கள் என்று காட்டினார். அவர்கள் பாஞ்சாலையிடம் சாக்கு எத்தனை மணிக்கொரு தடவை நனைக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்கள். பஸ்ஸில் அவளுக்கு இடம் விட்டார்கள்.

நாலு வருசம் இப்படிப் போயிற்று, சாக்கு மாற்றினாள், மூங்கில் மாற்றினாள், துணியை மாசத்துக்கு ஒரு தடவை துவைத்துக் காயவைத்துக் கட்டினாள். ஒவ்வொரு தடவை அவிழ்க்கும்போதும் தன் உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்திக்கொண்டே அவிழ்த்தாள். ஒவ்வொரு தடவையும் அந்த உள்ளங்கைக்குள் உதடு ஒரு சொல் அளவுக்கு அசைந்து நின்றது. அது என்ன கேள்வி என்று நனைக்கிறபோது யோசிப்பாள், பாட்டிலைக் கவிழ்க்கிறபோது யோசிப்பாள். மகள் சுலோச்சனா கல்யாணத்தைப் பற்றியா. தன் அம்மாவைப் பார்க்காமல் விட்டதைப் பற்றியா. இத்தனை வருசத்தில் அவர் தானாக அவளை ஏதாவது கேட்டிருக்கிறாரா என்று நினைவைத் துழாவினால், உப்பு எங்கே என்று கேட்டது வந்தது, மழை வருமா என்று கேட்டது வந்தது.

ஓசூரிலிருந்து மகள் சுலோச்சனா மூன்று வயதுப் பெண் குழந்தையோடு வந்தாள். அப்பா அடைபட்ட பிறகு பிறந்த குழந்தை. அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு அது, அந்த மாமா ஏன் பேசமாட்டேங்கிறார் என்று கேட்டது. மாமா இல்லை, தாத்தா என்று சுலோச்சனா திருத்தினாள். குழந்தை பாட்டியைப் பார்த்தது, அறைக்குள் பார்த்தது, ஒத்துக்கொள்ளவில்லை.

“அது பேர்ல தப்பில்லம்மா” என்றாள் சுலோச்சனா, சோற்றைப் பிசைந்துகொண்டே. “அப்பா ஒனக்குத் தம்பி மாதிரி இருக்காரு.”

பாஞ்சாலை அன்றைக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்து, அவர் முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தை வைத்துப் பார்த்தாள். நாலு வருசமாக அவருக்கு முகம் வழிக்க வேண்டியிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவருக்குக் காதோரம் நாலு நரை, அதே நாலு. அவளுக்கு இரண்டு பல் போயிருந்தது, முன்மண்டை வெளுத்திருந்தது, கீழ் இமைக்குக் கீழே தோல் மடிந்திருந்தது. கண்ணாடியில் அவர் கண் தன்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பரஞ்சோதியிடம் போய், சரக்குக்கு வயது என்பது எப்படி என்று கேட்டாள். இருபத்துநாலு வருசம் அவரோடு வேலை பார்த்தவள் இதைக் கேட்கிறாளே என்று அவருக்கு ஆச்சரியம். பாட்டில் கொட்டகைக்காரர்களுக்கு மூடிக்கு முன்னால் நடந்தது எதுவும் தெரியாது என்று அவருக்குப் பிறகு உறைத்தது. பாட்டிலையும் பீப்பாயையும் மேசையில் வரைந்தே காட்டினார்.

“மரத்துல இருக்கற வரைக்குந்தான் அதுக்கு வயசு ஏறும். மரம் மூச்சு விடும், கொஞ்சம் எடுத்துக்கும், கொஞ்சம் குடுக்கும். பாட்டில்ல போட்டு மூடியாச்சின்னா அன்னியோட வயசு நின்னுடும். பன்னெண்டு வருசச் சரக்க நூறு வருசம் வெச்சிருந்தாலும் அது பன்னெண்டு வருசச் சரக்குதான், பாஞ்சாலை.”

“கெட்டுப்போவாதா?”

“மூடி நல்லா இருந்தா எப்பவும் கெடாது. அதான் அதோட அழகு.”

“தெறந்தா?”

அவர் விரலை மடக்கிச் சொன்னார். முக்கால் இருந்தால் இரண்டு வருசம் தாங்கும். பாதிக்கு வந்தால் ஒரு வருசம். கால்பங்குக்குக் கீழே போனால் மாசக்கணக்குதான், அதுவும் வாசனை முதலில் போய்விடும். சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் எதற்குக் கேட்கிறாள் என்று புரிந்து நிறுத்தினார். பேனாவை மூடினார். அப்படி எதுவும் செய்துவிடாதே அம்மா, நீ வைத்திருக்கிற மாதிரி இந்த ஜில்லாவிலேயே யாரும் வைத்ததில்லை என்றார்.

ஊரில் யாரும் சொல்லாமலே செய்தி பரவியது. கோயில் மரத்தடியில் கூடி, இது ஒரு வீட்டு விஷயமா, ஊர் விஷயமா என்று பேசினார்கள். தீமிதிக் குழியை ஏரிக்கரைக்கு மாற்றினது ஊர், பட்டாசு வெடிக்காமல் இருந்தது ஊர், ஆகவே அவர்மேல் ஊருக்குப் பாத்தியதை உண்டு என்று ஒரு பேச்சு. திறப்பதானால் திருவிழா அன்றைக்குப் பொது இடத்தில் திறக்கலாம், எல்லாருக்கும் கிடைக்கும் என்று பெஞ்சுக்காரர்களில் ஒருவன் சொன்னான். இன்னும் நூறு வருசம் இருக்கக்கூடிய ஆளை ஒன்றரை வருசத்தில் முடிக்கிறேன் என்கிறாளே, இது கொலையில் சேருமா என்று பூசாரி நிஜமான சந்தேகத்தோடு கேட்டார். பாஞ்சாலை ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டாள். நூறு வருசத்தில் தான் இருக்கப்போவதில்லை, அப்புறம் சாக்கு நனைக்கிறது யார் என்று மட்டும் கேட்டாள். நனைக்கிறவர்களை ஏற்பாடு செய்யலாம் என்றார்கள். முறை போட்டுக்கொள்ளலாம், தெருவுக்கு ஒரு வாரம்.

அப்போதுதான் ராஜகாந்தம் எழுந்தாள். அவள் முந்தின நாள் பாஞ்சாலை வீட்டுக்குப் போய், நாலு வருசத்தில் முதல் தடவையாக அறைக்குள் தலை நீட்டிப் பார்த்திருந்தாள்.

“நான் ஒண்ணு சொல்றன், கோச்சிக்காதீங்க. நிமித்தி ஒக்கார வெச்சி, தாடையச் சேத்து வெள்ளத் துணி கட்டியிருக்குது. நம்ம ஊர்ல அப்படி யாருக்குக் கட்டுவோம்? நாலு வருசமா எடுக்காத எழவு வீட்டுக்கு முன்னாடி நின்னு பெருமப்பட்டுக்கினு இருக்கறோம்.”

பரஞ்சோதி மட்டும், தொழில் மனசு கேட்காமல், ஒரு நல்ல சரக்கை இவ்வளவு நன்றாக வைத்துவிட்டு வீணாக்குவதா என்று மெதுவாகச் சொன்னார். பாஞ்சாலை அவரைப் பார்த்தாள். அவள் குரல் உயரவில்லை.

“எடுக்கறதுக்குத்தான சார் வெக்கறது?”

அன்றைக்குச் சாயங்காலமே திறந்தாள். முதலில் சாக்குகளை அவிழ்த்துக் கொல்லையில் போட்டாள். புடவைக் கட்டை அவிழ்த்தாள், மூங்கிலைப் பிடுங்கினாள், கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, கூடத்தில் தெரு ஜன்னலுக்குப் பக்கத்தில் பாயில் உட்காரவைத்தாள். வெளிச்சம் பட்டதும் அவர் கண்ணைச் சுருக்கினார். கடைசியாகத் துணியின் முடிச்சை அவிழ்த்தாள், இந்தத் தடவை உள்ளங்கையை வைக்கவில்லை.

ருக்மாங்கதன் தாடையை இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்தார்.

“சாக்கு நாத்தம்” என்றார்.

வாசனை கூடத்தை நிறைத்து, ஜன்னல் வழியாகத் தெருவில் இறங்கி, சைக்கிள் கடைத் திருப்பம் வரைக்கும் போயிற்று. கடைக்காரன் பம்பு அடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். ஆனால் ஒருவரும் கிணற்றுத் தெருப் பக்கம் வரவில்லை. வரக் கூடாது என்று யாரும் சொல்லியிருக்கவுமில்லை.

பாஞ்சாலை எதிரில் உட்கார்ந்து முறத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள், ஆனால் உரிக்கவில்லை. நாலு வருசம் கேட்க வேண்டும் என்று இருந்ததைக் கேட்கிறபோது கையில் ஏதாவது இருக்க வேண்டியிருந்தது.

“அன்னிக்கு என்னாய்யா கேக்க வந்தே?”

அவள் எதைக் கேட்கிறாள் என்று அவர் யோசித்தார். நேற்று மத்தியானம் நடந்ததை ஞாபகப்படுத்திக்கொள்கிறவர் மாதிரி, அவ்வளவு பக்கத்தில் அது அவருக்கு இருந்தது.

“அதுவா. ஒம் முதுவ ஒரு வாட்டி தட்டிப் பாக்கட்டுமான்னு கேக்க வந்தன்.”

அவர் அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன செலவு என்று தெரிந்த ஆள் மாதிரிச் சொன்னார். கல்யாணமான மறுவருசம் ஒருநாள் விடிகிற நேரத்தில், அவள் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது, கை பழக்கத்தில் சும்மா இருக்காமல், அவள் முதுகைத் தட்டிப் பார்த்தாராம். கீழே வேறு ஒரு தொம் கேட்டதாம். ஒரு தொம்முக்குள் இன்னொரு சின்னத் தொம். சுலோச்சனா இருக்கிறாள் என்று அவளுக்கே தெரிவதற்குப் பதினெட்டு நாள் முந்தி அவருக்குத் தெரியுமாம். சொன்னால் தூங்குகிறவளைத் தட்டினதற்குத் திட்டுவாள் என்று சொல்லவில்லையாம். தனக்கு மட்டம் இறங்குகிறது என்று தெரிந்த அன்றைக்கு, அவளும் சுவருக்கு இந்தப் பக்கம் இத்தனை வருசம் உட்கார்ந்திருக்கிறவள்தானே, அவளுக்கு எப்படியோ என்று நினைப்பு வந்ததாம். அதைத்தான் கேட்க வந்தாராம்.

“முப்பத்தோரு வருசம் அத சொல்லாம வெச்சிருந்தியா?”

“கெட்டுப் போவல இல்ல” என்றார்.

பாஞ்சாலை முறத்தைக் கீழே வைத்துவிட்டு, பாயில் திரும்பி உட்கார்ந்து, முந்தானையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, முதுகைக் காட்டினாள். கொட்டாப்புளி ஆணியில் தொங்கியது, அவர் அதைக் கேட்கவில்லை. விரல் முட்டியால், இடுப்பிலிருந்து தொடங்கி, ஒரு மூச்சு விட்டு எடுக்கிற நேரம் இடைவெளி விட்டு, மேலே வந்தார். தொம். தொம். தொம். முதுகெலும்பு ஒவ்வொன்றாக ஏறி, தோள்பட்டை எலும்பு இரண்டும் பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே வந்ததும், அவர் கை நிற்பதற்கு முன்னால் அவளுக்கே கேட்டது. டொக். அவர் திரும்பக் கீழே இறங்கி இடத்தைச் சரிபார்த்தார். சட்டைப் பையில் துழாவினார், கலால் சீட்டு மட்டும்தான் இருந்தது, சாக்கட்டி இல்லை. நகத்தால் ஒரு கோடு இழுத்தார். பிறகு தன் நெஞ்சைத் தட்டி, கட்டை விரலை அங்கே வைத்து, இரண்டு உயரத்தையும் கண்ணால் ஒப்பிட்டார்.

“ஒனக்கு ரெண்டு வெரல் கூட இருக்குது.”

அவள் திரும்பி உட்கார்ந்தாள். கண்ணை முந்தானையால் துடைத்துவிட்டு, மூக்கையும் துடைத்தாள்.

“இருக்கட்டும். நீ முடிச்சப்பறம் மிச்ச மல்லாட்டைய உரிக்க அது ஆவும்” என்றாள்.

அவர் அதை ஞாயம் என்று ஒத்துக்கொண்ட மாதிரித் தலையாட்டினார். பெரு வெள்ளத்தில் பீப்பாய்கள் மிதந்த கதை உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெருவில் எல்லாருக்கும் தெரியும், எனக்குத் தெரியாது என்று அவள் சொன்னாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் பீப்பாயிலிருந்து ஆரம்பித்தார். பாஞ்சாலை முறத்தை மடிக்கு இழுத்து, ஒரு கை அள்ளி அவர் பக்கம் தள்ளிவிட்டு, தன் பங்கில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அதன் மூக்கை அழுத்தி உடைத்தாள், பருப்பை ஒரு பக்கமும் தோலை ஒரு பக்கமும் போட்டாள், அடுத்ததை எடுத்தாள்.